பதினாறு வீடும் ஒரு வளைகோடும்

"…அதுவரைக்கும் எனக்கு வெளங்குது தம்பி. யார் யார் பேரைக் கழிச்சிப்புட்டா உன் கணக்கு சரியா வரும், அதையும் நீயே வாயைத் தொறந்து சொல்லிப்புடு" என்றார் அஞ்சலை அக்கா.

பதில் தெரியாமல் இல்லை. கேட்டவர் அக்கா என்பதுதான் சிக்கல்.

மாசி மாத உச்சிவெயில். எங்கள் தெருக்காரர்கள் தங்கள் கையாலேயே கட்டி முடித்த முதல் வீட்டின் வடக்குச் சுவர் நிழலில் நாற்பது குடும்பமும் உட்கார்ந்திருந்தது. நிழல் சுருங்கச் சுருங்க எல்லோரும் சுவரை ஒட்டி நகர்ந்துகொண்டே இருந்தார்கள். நான் ஒரு கரித்துண்டோடு அந்தச் சுவருக்கு முன்னால் நின்றிருந்தேன். சுவர் முழுக்க என் கணக்கு.

"வெள்ளையடிச்ச ஈரம் காயல, அதுக்குள்ள கரியைத் தூக்கிட்டு வந்துட்டாரு கணக்குப்பிள்ளை" என்று கோவிந்தசாமி அண்ணன் முனகினார். எங்கள் தெருவில் அவர் ஒருவர்தான் கொத்தனார் வேலை தெரிந்தவர். கும்பகோணத்தில் ஒரு லாட்ஜ் கட்டியபோது கூட நின்று கற்றுக்கொண்டது. அவர் கட்டிய சுவர் எங்காவது கோணலாக இருக்கிறதே என்று யாராவது சொன்னால், "செவுரு நேராத்தான் நிக்கிது. நீதான் சாஞ்சி நிக்கிற" என்பார்.

மாலையில் அரசாங்கத்து ஓவர்சியர் வருவார். அதற்குள் ஒரு பதில் வேண்டும். மீதிப் பதினாலு வீடும் எங்கள் கையில் இருக்குமா, கான்ட்ராக்டர் கைக்குப் போகுமா என்பது அந்தப் பதிலில் இருந்தது.

மில்லில் படித்த படிப்பு

போன வாரம் நெல் மில்லில் சாக்கு எண்ணிய கதையை எழுதியிருந்தேன். ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: சாக்கு எண்ணியவர் சங்கத்துச் செயலாளர் ஆனது எப்படி என்று. சிபாரிசு எதுவும் இல்லை ஐயா. எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் அன்றைக்கு நான் ஒருவன்தான்.

பாபநாசத்தில் இருந்த அந்த மில்லில் சாக்கு எண்ணுகிற நேரம் போக மிச்சமெல்லாம் சும்மா உட்காருகிற நேரம். கும்பகோணத்துப் பழைய புத்தகக் கடையில் எடைக்குப் போடுகிற விலையில் ஒரு புத்தகம் வாங்கினேன். தொழிற்சாலைகளில் செலவுக் கணக்குப் போடுவது எப்படி என்று சொல்லும் இங்கிலீஷ் புத்தகம். முதல் அத்தியாயமும் கடைசி அத்தியாயமும் கிழிந்து போயிருந்தன. நடுவில் இருந்ததை அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். வாத்தியார் கிடையாது. புரியாத இடத்தை உமி மேட்டில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பேன். மில் மேஸ்திரி, "யாரைய்யா திட்டுற?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

அந்தப் புத்தகத்தில் என்னைப் பிடித்துக்கொண்ட பக்கம் ஒன்று உண்டு. லேர்னிங் கர்வ் என்று தலைப்பு. கற்றல் வளைகோடு என்று நான் பெயர் வைத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். ஒரு வேலையை முதன்முதலாகச் செய்யும்போது நேரம் பிடிக்கும். திரும்பத் திரும்பச் செய்தால் நேரம் குறையும். இது நாற்று நடுகிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் எவ்வளவு குறையும்? அதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று அந்தப் புத்தகம் சொன்னது. செய்து முடித்த எண்ணிக்கை இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும், ஒன்றுக்கு ஆகும் சராசரி நேரம் முன்பு இருந்ததில் ஒரே விகிதத்தில் குறையுமாம். புத்தகத்து உதாரணத்தில் நூறு எண்பதாகக் குறையும். ஒன்று செய்யப் பத்து நாள் என்றால், இரண்டு செய்யும்போது சராசரி எட்டு. நாலு செய்யும்போது ஆறு புள்ளி நாலு. அப்படியே இறங்கிக்கொண்டு போகும். முதலில் சடாரென்று, பிறகு மெல்ல மெல்ல. காகிதத்தில் வரைந்தால் ஆற்றங்கரைப் படித்துறையில் இறங்குவது போல இருக்கும்.

இந்த ஒழுங்கை முதலில் கவனித்தது ஆகாய விமானம் கட்டுகிற இடத்தில் என்றும் போட்டிருந்தது. இதைத் தெருவில் சொன்னது என் அசட்டுத்தனம். மறுநாளிலிருந்து கோவிந்தசாமி அண்ணன் ஒவ்வொரு செங்கல்லை வைக்கும்போதும், "றெக்கை இந்தப் பக்கம் வருதா, அந்தப் பக்கம் வருதா கணக்குப்பிள்ளை?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

மனை வந்த வழி

வீடு கட்ட மனை எப்படி வந்தது என்று சொன்னால்தான் அன்றைய அவசரம் புரியும்.

அதற்கு முன்னால் எங்கள் குடிசைகள் இருந்த இடம் மிராசுதாருடையது. கூலி நெல்லை ஒரு படி உயர்த்திக் கேட்ட வருஷம், "இடத்தைக் காலி பண்ணிட்டுக் கேளு" என்றுதான் முதல் பதில் வந்தது. கூலியும் குடிசையும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தது. ஒன்றை இழுத்தால் மற்றது ஆடும். பிறகு கழக ஆட்சியில் குடியிருப்பு மனைக்குப் பட்டா என்று சட்டம் வந்தது. தாசில்தார் ஆபீசுக்கு நடந்து நடந்து, தெருவில் நாற்பது குடும்பத்துக்கும் பட்டா வாங்கினோம். அதில் முதல் தவணையாகப் பதினாறு வீட்டுக்கு அரசாங்கம் செங்கல்லும் ஓடும் மரமும் கொடுத்தது. மண் சாந்து வைத்துச் செங்கல் சுவர், மேலே நாட்டு ஓடு, ஒரு அறை, முன்னால் ஒரு சிறு தாழ்வாரம். மிச்சம் இருபத்துநாலு குடும்பத்துக்கு அடுத்த தவணை என்றார்கள். முதல் பதினாறு ஒழுங்காக முடிந்தால்தான் அடுத்த தவணை என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

கட்டுகிற வேலையை யாருக்குக் கொடுப்பது? ஊரில் இருந்த ஒரே கான்ட்ராக்டர் மிராசுதாரின் மைத்துனர். "எங்க வாசக்காலை அவரு வந்து நட்டுக் குடுத்தா, நாளைக்கு அந்த வாசல்ல நாங்க நிமிந்து நிக்க முடியுமா?" என்று கேட்டது அஞ்சலை அக்காதான். உடனே தொழிலாளர் ஒப்பந்தச் சங்கம் ஒன்றைப் பதிந்தோம். வேலை எங்கள் கைக்கு வந்தது. மில் வேலையை விட்டுவிட்டு நான் சங்கத்துக்கு வந்தேன்.

தை அறுவடை முடிந்ததும் அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் தோண்டினோம். வைகாசி கடைசியில் ஆற்றில் தண்ணீர் வந்துவிடும். வந்தால் தெருவே நாற்றங்காலுக்கும் நடவுக்கும் இறங்கிவிடும். மண் சாந்துச் சுவர் மழைக்கு முன் கூரை காணாவிட்டால் கரைந்துபோகும். எனவே எங்களுக்கு இருந்தது ஒரு கோடைக்காலம். அவ்வளவுதான்.

மிராசுதாரின் காரியக்காரர் சைக்கிளில் போகிறபோது ஒரு காலை ஊன்றி நின்று, "நண்டு பிடிக்கிற கையி வீடு புடிக்கப் போவுதாக்கும்" என்றார். எங்கள் தெரு ராசாத்தி தலையில் மண்கூடையோடு, "நண்டு கடிச்ச கையிங்க இது. இறுக்கிப் புடிக்கும்" என்றாள். அவர் பெடலை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

ஒன்பதரை நாள்

முதல் வீடு பதினாறு நாளில் முடிந்தது. நாளுக்கு இருபது பேருக்குத்தான் கூலி தர அரசாங்க அனுமதி.

பதினாறு வீடு, வீட்டுக்குப் பதினாறு நாள். பெருக்கிப் பார்த்தால் இருநூற்றைம்பத்தாறு. எங்களிடம் அதில் பாதிகூட இல்லை. எல்லோரும் சோர்ந்துபோன அந்த நேரத்தில் நான் மார்தட்டினேன். "இரண்டாவது வீட்டுக்கு ஒன்பதரை நாள்தான் ஆகும். புத்தகத்தில் இருக்கிறது" என்றேன். இரண்டு வீட்டின் சராசரி பன்னிரண்டே முக்கால் ஆக வேண்டும். அப்படியானால் இரண்டாவது வீட்டுக்குக் கிடைப்பது ஒன்பதரைதானே.

இரண்டாவது வீட்டுக்குப் பதினைந்து நாள் ஆயிற்று.

"விமானம் ஏறலியே கணக்குப்பிள்ளை" என்றார் கோவிந்தசாமி அண்ணன். அதை அவர் நக்கலாகச் சொல்லவில்லை. அவருக்கும் வருத்தம்தான். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு குடமுருட்டி ஆற்றங்கரைக்குப் போய் உட்கார்ந்தேன். அந்தப் பக்கத்தின் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. முன்பே படித்த வரிதான். இந்த ஒழுங்கு நடக்க வேண்டுமானால், வேலை செய்கிற ஆட்கள் அதே ஆட்களாக இருக்க வேண்டும். நடுவில் நீண்ட இடைவெளி விழக்கூடாது.

எங்கள் தெருவில் அதே ஆட்கள் வேலை செய்வதில்லை. முறை வைத்துத்தான் செய்வோம். முதல் வீட்டைக் கட்டியது கீழண்டைப் பக்கத்து இருபது குடும்பம், குடும்பத்துக்கு ஒரு ஆள். இரண்டாவது வீட்டைக் கட்டியது மேலண்டைப் பக்கத்து இருபது குடும்பம். கோவிந்தசாமி அண்ணனைத் தவிர ஒரு கைகூடப் பொது இல்லை. என் கணக்கில் அது இரண்டாவது வீடு. மேலண்டைக்காரர்கள் கைக்கு அது முதல் வீடு.

வரப்பில் நீண்ட விரல்

முறை என்றால் ஏதோ வசதிக்காக வைத்துக்கொண்டது என்று நினைக்கக்கூடாது.

கூலித் தகராறு முடிந்து நெல் அளவு ஒரு வழியாக ஒத்துக்கொள்ளப்பட்ட அடுத்த பருவம். அறுவடைக்கு ஆள் கூப்பிட்டார்கள். தெருவே அரிவாளோடு போய் நின்றது. காரியக்காரர் வரப்பில் நின்று விரலை நீட்டினார். "நீ எறங்கு. நீ எறங்கு. நீ வேண்டாம். நீ வேண்டாம்." அந்த விரல், தகராறில் கொடி பிடித்தவர்களையெல்லாம் தாண்டித் தாண்டிப் போயிற்று. அஞ்சலை அக்காவின் முன்னால் அது நிற்கவே இல்லை. அவர் கூலித் தகராறில் திருவாரூர் வரை நடந்து போனவர். போலீஸ் ஸ்டேஷன் திண்டில் ஒரு ராத்திரி உட்கார்ந்திருந்தவர். தெருவில் வேகமாக அறுக்கிற கைகளில் அவர் கையும் ஒன்று. அந்தப் பருவம் முழுக்க அந்தக் கை சும்மா இருந்தது.

விரல் யாரைக் காட்டியதோ அவர்களும் ஒரு வாரத்துக்கு மேல் இறங்கவில்லை. அக்கா வீடு வீடாகப் போய்ச் சொன்னது ஒன்றுதான். "ஆளை நாம அனுப்புவோம். அவங்க பொறுக்கக்கூடாது." அதன் பிறகு யார் எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும் முறைப்படி இந்த வாரம் இந்தப் பக்கம், அடுத்த வாரம் அந்தப் பக்கம். வேகமான ஆள், மெதுவான ஆள், கொடி பிடித்த ஆள், பிடிக்காத ஆள், எல்லாம் ஒன்று. அதற்காகப் பட்டினி கிடந்திருக்கிறார்கள். அந்த முறையின் மீதுதான் தெரு நின்றது.

இப்போது நான் ஒரு புத்தகத்தோடு வந்து நின்று, அதே ஆட்கள்தான் வேண்டும் என்கிறேன். அக்காவின் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஓவர்சியர் கேட்ட தேதி

ஓவர்சியர் கெட்டவர் இல்லை. மன்னார்குடிப் பக்கம். காலையில் வந்து இரண்டு வீட்டையும் சுற்றிப் பார்த்தார். சுவரைத் தட்டினார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். "வேலை சுத்தமா இருக்குப்பா" என்றார். அடுத்தது சொன்னதுதான் கஷ்டம்.

"இப்படியே போனா ஐப்பசி ஆயிடும். ஆத்துல தண்ணி வந்ததும் நீங்க எல்லாரும் வயல்ல எறங்கிடுவீங்க. பாதிச் செவுரு மழையில நிக்கும். மேல இருக்கறவங்களுக்கு நான்தான் பதில் சொல்லணும். சாயங்காலம் இந்தப் பக்கமாத்தான் திரும்புவேன். எந்த நாளைக்கு முடிப்பீங்கன்னு சொல்லுங்க, எழுதிக்கறேன். சொல்ல முடியலைன்னா மீதிப் பதினாலும் கான்ட்ராக்டருக்குத்தான். எனக்கு வேற வழி இல்லை."

அவர் போன பிறகுதான் கூட்டம் கூடியது. மூன்றாவது வீட்டுக்கு அன்று காலைதான் கடைக்கால் தோண்ட ஆரம்பித்திருந்தார்கள். முறைப்படி கீழண்டைக்காரர்கள். அவர்கள் சாப்பாட்டு நேரத்தில் மண் காலோடு வந்து உட்கார்ந்தார்கள். மேலண்டைக்காரர்கள் உளுந்து பறிக்கப் போக இருந்தவர்கள், போகாமல் வந்தார்கள்.

நான் சுவரில் கரியால் எழுதிக்கொண்டே சொன்னேன். இரண்டாவது வீடு ஏன் பதினைந்து நாள் ஆயிற்று என்பது. ஆள் மாறினால் கற்றது அடுத்த கைக்குப் போவதில்லை என்பது. இப்போது கீழண்டைக்காரர்கள் திரும்ப வருகிறார்கள், ஆனால் நடுவில் பதினைந்து நாள் போய்விட்டது, சாந்தின் பதம் கைக்கு மறந்திருக்கும் என்பது. காலையில் கடைக்கால் தோண்டும்போதே கயிறு பிடிக்க இரண்டு பேர் தடுமாறியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். இப்படி வீட்டுக்கு வீடு முறை மாற்றினால் ஒவ்வொரு வீடும் முதல் வீடு மாதிரியேதான் இருக்கும். அதே கை விடாமல் செய்தால்தான் நாள் குறையும்.

அப்போதுதான் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

சுவரில் இரண்டு பத்தி

நான் சொன்னேன்: "கழிச்சா என்ன வரும்கிறதும் போட்டிருக்கேன் அக்கா. கழிக்காட்டி என்ன வரும்கிறதும் போட்டிருக்கேன். ரெண்டையும் பாருங்க."

இடது பத்தியைக் காட்டினேன். கீழண்டை இருபது பேரை மட்டும் வைத்துக்கொள்வது. மேலண்டை இருபது பேரைக் கழிப்பது. அந்த இருபது கையும் பதினாறு வீடு கட்டுவதாக வைத்துக்கொண்டால் சராசரி ஆறரை நாள். மொத்தம் நூற்றைந்து. அதில் முதல் வீட்டின் பதினாறு போய்விட்டது. மேலண்டை கட்டி முடித்த ஒரு வீட்டுக்கு ஐந்து நாளும் கழியும். இனிமேல் எண்பத்துநாலு நாள்.

"யாரையும் கழிக்காம?" என்றார் அக்கா.

"ரெண்டு பக்கமும் தினம் வரணும். காலை வேளை கீழண்டை, மத்தியான வேளை மேலண்டை. ஆளுக்குப் பாதி நாள், பாதிக் கூலி. நாளுக்கு இருபது பேர் கூலிங்கிற சட்டம் மாறாது. முறையும் போகாது. வீட்டுக்கு வீடு மாறுற முறை வேளைக்கு வேளை மாறும், அவ்வளவுதான். யாரு கையும் ஒரு ராத்திரிக்கு மேல வேலையை மறக்காது."

வலது பத்தியில் அதைத்தான் போட்டிருந்தேன். ஒவ்வொரு பக்கமும் எட்டு வீட்டு வேலை செய்ததாகக் கணக்கு. ஒரு வீட்டுக்குப் பதினாறு நாள், இரண்டுக்குச் சராசரி பன்னிரண்டே முக்கால், நாலுக்குப் பத்தேகால், எட்டுக்கு எட்டு நாள் சொச்சம். எட்டு வீட்டுக்கு அறுபத்தைந்தரை. இரண்டு பக்கமும் சேர்த்து நூற்றுமுப்பத்தொன்று. முப்பத்தொன்று போய்விட்டது. மீதி நூறு.

"நூறா?" என்றாள் ராசாத்தி. "அப்பறம் தண்ணி எப்ப வருது?"

"வைகாசி கடைசி. இன்னைக்குலேருந்து நூறு நாளுக்குக் கொஞ்சம் மேல."

பதினாறு நாள் வித்தியாசம். இருபது பேரைக் கழித்தால் கிடைக்கிற லாபம் அவ்வளவுதான். அந்தப் பதினாறு நாளையும் தெரு தாங்கும். ஆனால் கையில் மிச்ச நாள் என்று ஒன்றும் இருக்காது.

மேலண்டையிலிருந்து ஒருவர் எழுந்தார். "பாதிக் கூலிங்கறியே தம்பி. என் முறை இல்லாதப்ப நான் உளுந்து பறிக்கப் போறேன். அதுல ஒரு முழுக் கூலி வருது. தினம் இங்க வந்தா அது போயிடும்ல."

"போயிடும்" என்றேன்.

கோவிந்தசாமி அண்ணன் சுவரையே முறைத்துக்கொண்டு நின்றார். "எண்பது எண்பதுங்கறியே. அது வெள்ளைக்காரன் விமானத்துக்குப் போட்ட எண்பது. நம்ம கைக்கு எண்பதா தொண்ணூறான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வி. அதற்காகத்தான் முதல் வீட்டின் சுவர்களை நான் யோசித்து வைத்திருந்தேன். "முதல் செவுரு எத்தனை வேளை எடுத்துது அண்ணே?"

"அஞ்சு வேளை. அதான் கோணலாப் போயி பிரிச்சிக் கட்டுனோமே."

"கோணலுன்னு இன்னைக்குத்தான் ஒத்துக்கறாரு" என்றாள் ராசாத்தி. கூட்டத்தில் சிரிப்பு ஓடியது.

"ரெண்டாவது செவுரு?"

"மூணு வேளை."

"ரெண்டும் எட்டு. சராசரி நாலு. அஞ்சுக்கு நாலுன்னா நூத்துக்கு எத்தனை?"

அண்ணன் விரலை மடக்கினார். மடக்கிய விரலைப் பார்த்துக்கொண்டே, "எண்பது" என்றார். பிறகு குரலை இறக்கி, "செவுத்துக்குச் சரி. வீட்டுக்கு?" என்றார்.

"வீட்டுக்கு நாலாவது வீடு முடியும்போதுதான் தெரியும். பொய் சொல்ல மாட்டேன்."

அதுதான் எங்களிடம் இருந்த மொத்த உத்தரவாதமும். ஒரு கோணல் சுவரும் அதற்கடுத்த நேர் சுவரும். அன்று முறைத்துக்கொண்டு நின்ற அதே கோவிந்தசாமி அண்ணன்தான் பதினாறாவது வீட்டின் கடைசி ஓட்டையும் பதித்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் கணக்கைவிடக் கொஞ்சம் நாள் கூடுதலாகத்தான் பிடித்தது. சித்திரையில் இரண்டு நாள் கோடை மழை, ஒரு சாவு, ஓடு வரத் தாமதம். இதெல்லாம் புத்தகத்தில் இல்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேரச் சில நாள் ஆகும். அந்தச் சில நாளையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை.

ஆனால் அந்த மாசி மத்தியானத்தில் இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. வெயில் உச்சியைத் தாண்டிவிட்டது. உளுந்து பறிக்கப் போகிறவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவர் மேலண்டை. முறைப்படி அவருக்கு அன்று இங்கே வேலை இல்லை. அடுத்த வாரம் முழுக்க உளுந்து பறிக்க அவருக்கும் சொல்லிவைத்திருந்தார்கள். பல வருஷம் கழித்து மிராசுதார் வயலில் முறையை ஒத்துக்கொண்டு அவரையும் சேர்த்துக் கூப்பிட்டிருந்தது அதுதான் முதல் தடவை.

"ரெண்டு பத்தியும் நூறு நாளுக்குள்ளதானே வருது?" என்று என்னைக் கேட்டார்.

"யாரையும் கழிக்காத பத்தி நூறு நாள்லதான் அக்கா வருது. மிச்சம்னு சொல்லிக்க ஒண்ணும் இல்லாத நூறு."

"அப்ப இந்தப் பக்கத்தை அழிச்சிப்புடு" என்றார், இடது பத்தியைக் காட்டி. "சாயங்காலம் அந்த ஓவர்சியர் வந்து பார்க்கக்கூடாது. பார்த்தா அவருக்கு ஆசை வந்துடும்."

நான் துண்டை எடுத்துச் சுவரைத் தேய்த்தேன். கரி போகவில்லை, சாம்பல் நிறத்தில் பரவியது. கோவிந்தசாமி அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு சுண்ணாம்பு வாளியை எடுக்கப் போனார்.

சாப்பாடு முடித்த கீழண்டைக்காரர்கள் மூன்றாவது வீட்டுக் கடைக்காலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ராசாத்தி முதல் கூடை மண்ணைத் தலையில் ஏற்றியிருந்தாள். அக்கா எழுந்தார். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். நேராகக் கடைக்கால் பக்கம் நடந்தார். தோளில் கிடந்த துணியைச் சுருட்டிச் சும்மாடு ஆக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

"காலை வேளை முடிஞ்சி போச்சிடி. நீ வூட்டுக்குப் போ, புள்ளைக்குச் சோறு போடு" என்று சொல்லி, ராசாத்தியின் தலையிலிருந்த மண்கூடையை இரண்டு கையாலும் தூக்கித் தன் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.